சாராயமும் வலிக்குளிசையும் இரைப்பைக்குள் சந்திக்கும்போது

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரை என்றாலும் படுவான்கரை என்றாலும், பாமசிகளில் நாளாந்தம் கேட்கப்படும் குளிசைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று வலிக்கானது. மற்றையது "கஸ்ரிக்"கிற்கானது. பல தடவைகளில் இரண்டையும் கேட்டு நிற்பவர் ஒரே ஆளாகவே இருப்பார்.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அது தந்த வலி முடியவில்லை. காலை இழந்தவருக்கு அடிக்கட்டை வலிக்கிறது. எறிகணைச் சிதறல் எடுக்கப்படாமலே உடலுக்குள் இருப்பவருக்கு மாரி தொடங்கியதும் குத்துகிறது. பகலில் டைக்குளோபினாக் ஒன்றோ இரண்டோ, இரவில் நித்திரை வருவதற்குக் கால் போத்தல் சாராயம், விடிந்ததும் வயிறு எரிய அதற்கு ஒரு ஒமிப்பிரசோல். இப்படி நாட்களைக் கழிக்கும் ஒருவரையாவது அறியாத குடும்பம் எமது மாவட்டத்தில் இருக்குமா என்பது சந்தேகமே.

குடிப்பது சரியா பிழையா என்ற விவாதத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. கல்குடாவில் மதுசாரத் தொழிற்சாலை அமைப்பதற்கு எதிராக 2017 இல் எழுந்த எதிர்ப்பை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த விவாதத்திற்கு அதற்குரிய இடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது சிறிய விடயம். அந்த மூன்றும் ஒரே இரைப்பைக்குள் சேரும்போது அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? "அசிட் கூடிப்போச்சு" என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் விளக்கம் பாதி மட்டுமே சரி. மற்றப் பாதி தெரியாததால்தான் சிலர் இரத்தம் கக்கிய பின்னர் வைத்தியசாலைக்கு வருகிறார்கள்.

அமிலமும் அதைத் தாங்கும் சுவரும்

எங்கள் இரைப்பை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை இரைப்பைச் சாற்றைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். பாடசாலை ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் போத்தலில் பூட்டி வைப்பார்களே, அதே அமிலந்தான். இரைப்பைச் சுவரிலுள்ள சில கலங்கள் பொற்றாசியத்தை உள்ளே இழுத்து ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகின்றன. இந்தப் பம்பி ஒரு விந்தையான இயந்திரம். இரத்தத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு செறிவுக்கு ஐதரசன் அயன்களை அது சேர்த்துவிடுகிறது.

இறைச்சியைக் கரைக்கும் இந்த அமிலம், இறைச்சியாலான இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? சுவருக்குக் காவல் இருப்பதுதான் காரணம். முதலில் வழுவழுப்பான சளிப் படலம். அதற்குள் இருகாபனேற்று எனப்படும் காரப்பொருள் சுரந்து, கீழிறங்கி வரும் அமிலத்தை நடுநிலைப்படுத்துகிறது. அதன் கீழே, ஒன்றோடொன்று இறுக ஒட்டிய கலங்களின் வரிசை. இந்தக் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. இவை எல்லாவற்றையும் ஊட்டி வளர்ப்பது உள்ளே ஓடும் இரத்தம்.

இந்தச் சுவருக்கு ஒரு மின்னழுத்தமும் உண்டு. வாவியை வைத்து யோசித்தால் இது இலகுவாக விளங்கும். முகத்துவாரத்தில் மணற்திட்டு மூடியிருக்கும் காலத்தில், ஒரு பக்கம் மழைநீர் கலந்த வாவி, மறுபக்கம் உப்புக் கடல். திட்டு இருக்கும் வரைக்கும் இரண்டும் வெவ்வேறாக இருக்கும். திட்டை வெட்டினால் ஒன்றோடொன்று கலந்து, கொஞ்ச நேரத்தில் வித்தியாசம் குறைந்துவிடும். இரைப்பைச் சுவரும் அயன்களை அப்படித்தான் பிரித்து வைக்கிறது. குளோரைட்டு அயன்களை உட்குழிப் பக்கம் தள்ளி, சோடியத்தை இரத்தப் பக்கம் எடுத்துக்கொள்கிறது. அயன்கள் மின்னேற்றம் கொண்டவை. ஆகவே இரைப்பையின் உட்புறம் இரத்தத்தோடு ஒப்பிடுகையில் மறை மின்னேற்றம் பெறுகிறது. ஆரோக்கியமான ஒருவரின் வெறும் வயிற்றில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 40 மில்லிவோல்ற். ரோச் லைற்றுக்குப் போடும் ஒரு பற்றறியின் 1.5 வோல்ற்றோடு பார்த்தால் இது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். ஆனாலும் அளக்கக்கூடியது. ஒரு மின்வாயை மெல்லிய குழாயோடு இரைப்பைக்குள் இறக்கி, மற்றையதை இரத்தத்தோடு தொடர்புபடுத்தினால் மானி காட்டிவிடும்.

மணற்திட்டு வெட்டப்பட்டால் வாவியின் உப்பு மாறுவது போல, சுவரில் பிளவு ஏற்பட்டால் இந்த மின்னழுத்தம் விழும். அதனால்தான் ஆய்வாளர்கள் இதை ஒரு காவற்காரனாகப் பயன்படுத்தினார்கள். 1970 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த கீல், பிலிப்ஸ், சமர்ஸ்கில் ஆகிய மூவர், மனித இரைப்பையில் அஸ்பிரின், மதுசாரம், பித்தநீர் ஆகியவை இந்த மின்னழுத்தத்தை என்ன செய்கின்றன என்று அளந்து வெளியிட்டார்கள். அஸ்பிரினும் மதுசாரமும் உள்ளே போய்ச் சில நிமிடங்களில் மானியின் முள் இறங்கியது. பின்னர் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு தடவை குடித்த குடியிலிருந்தும், ஒரு தடவை போட்ட குளிசையிலிருந்தும் இரைப்பை தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது இதிலுள்ள நல்ல செய்தி. திருந்துவதற்கு அதற்கு நேரம் வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவில் கால் போத்தல் என்று போனால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

கள்ளும் சாராயமும் ஒன்றல்ல

மதுசாரம் அமிலத்தைக் கூட்டுமா என்ற கேள்விக்கு, எந்த மதுசாரம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜேர்மனியின் மான்ஹைம் நகரில் பணியாற்றிய மன்பிரெட் சிங்கரும் அவரது குழுவினரும் 1980களிலிருந்து இதை மனிதரில் ஆராய்ந்தார்கள். பியரும் வைனும் இரைப்பை அமிலத்தை மிக வலுவாகத் தூண்டின. விஸ்கி, ஜின், கொன்யாக் போன்ற வடித்தெடுத்த குடிவகைகள் தூண்டவில்லை. ஆக, பியரின் வேகத்திற்குக் காரணம் அதிலுள்ள மதுசாரம் மட்டுமல்ல. நொதிக்கும்போது உருவாகும் வேறு சில பொருட்களே முக்கிய காரணம். வடிக்கும்போது அவை பின்தங்கிவிடுகின்றன.

எங்கள் கள்ளு நொதித்தது, வடிக்கப்படாதது. அந்த வகையில் அது பியரின் உறவு. சாராயம் வடித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். அது அமிலத்தை அவ்வளவாகக் கூட்டாது. அப்படியானால் சாராயம் வயிற்றுக்குச் சாதுவானதா? இல்லை. இங்கேதான் "அசிட்" என்ற ஒரே சொல் எங்களை ஏமாற்றுகிறது. செறிவு கூடிய மதுசாரம் நேரடியாகவே சளிப் படலத்தைக் கலைத்து, மேற்படைக் கலங்களைச் சிதைக்கிறது. மின்னழுத்தம் விழுகிறது. அமிலம் புதிதாகச் சுரக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள அமிலம் பிளவுகளுக்குள்ளால் சுவருக்குள் திரும்பி ஊறினாலே போதும். தண்ணீர் கலக்காமல், சாப்பிடாமல் "ரோ"வாக அடிப்பவருக்கு இது மிக மோசமாக நடக்கிறது. வலையை இழுத்துவிட்டு வந்து, பிளேன்ரீ தவிர வேறெதுவும் இறங்காத வயிற்றில் ஊற்றுபவரின் நிலையும் அதுவே.

கசிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் செறிவு எவ்வளவு, அதற்குள் என்ன போட்டார்கள் என்பது குடிப்பவருக்குத் தெரியாது. பல வேளைகளில் காய்ச்சியவருக்கும் தெரியாது.

இடையில் ஒரு வார்த்தை. வயிறு எரிந்தால் எங்கள் வீடுகளில் முதலில் குற்றஞ்சாட்டப்படுவது மிளகாய்த்தூள். 1995 இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தொண்டர்களுக்கு மிளகாயைக் கொடுத்து, பின்னர் அஸ்பிரினைக் கொடுத்து, கமராவால் பார்த்தார்கள். மிளகாய் உண்டவர்களின் இரைப்பையில் அஸ்பிரினால் ஏற்பட்ட காயம் குறைவாகவே இருந்தது. புண் இருக்கும்போது உறைப்பு எரியும் என்பது உண்மை. புண்ணை உண்டாக்கியது உறைப்பு என்பது வேறு கதை. நண்டுக்கறியைத் தள்ளிவைத்துவிட்டு டைக்குளோபினாக்கைத் தொடர்பவர்கள் தவறான எதிரியோடு சண்டை பிடிக்கிறார்கள்.

வலிக்குளிசை செய்வது

அஸ்பிரின், டைக்குளோபினாக், இபுபுரோபென், மெபனமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். இவை இரண்டு வழிகளில் இரைப்பையைத் தாக்குகின்றன.

முதல் வழி நேரடியானது. அஸ்பிரின் ஒரு மென்னமிலம். புளிப்பான இரைப்பைச் சாற்றுக்குள் அது மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால் கலங்களுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். கலத்தின் உள்ளே புளிப்பு இல்லை. அங்கே அது மின்னேற்றம் பெற்று வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அப்படியே சேர்ந்து சேர்ந்து கலத்தைக் கெடுக்கிறது.

இரண்டாவது வழி இரத்தத்தின் ஊடானது. பிரித்தானியரான ஜோன் வேன் 1971 இல் கண்டுபிடித்து, 1982 இல் நோபல் பரிசு பெற்ற விடயம் இது. இந்தக் குளிசைகள் புரொஸ்டகிளண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. வலியும் வீக்கமும் குறைவது அதனாலேயே. ஆனால் இரைப்பையில் சளி சுரக்கவும், இருகாபனேற்று சுரக்கவும், சுவருக்கு இரத்தம் ஓடவும் வேண்டியதும் அதே புரொஸ்டகிளண்டின்தான். வலியை நிறுத்தும் அதே கை காவலையும் நிறுத்திவிடுகிறது. எனவே "குளிசையாகப் போட்டால்தான் வயிறு கெடும், ஊசியாகப் போட்டால் கெடாது" என்று எம்மவர் நம்புவது பிழை. ஊசியாகப் போனாலும் மருந்து இரத்தத்தின் வழியே இரைப்பைக்கு வந்து சேரும்.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரைப்பைத் தடுப்புச்சுவர் பற்றிய அறிவுக்கு அடித்தளமிட்ட அமெரிக்க உடற்றொழிலியலாளர் ஹொரஸ் டேவன்போர்ட், 1969 இல் நாய்களில் அமிலம், அஸ்பிரின், மதுசாரம் ஆகியவற்றைச் சேர்த்தும் பிரித்தும் சோதித்தார். சேர்ந்தபோது இரத்தக்கசிவு கூடியது. ஒன்று சுவரில் பிளவை உண்டாக்குகிறது, மற்றது பிளவை அடைக்க வரும் ஆட்களைத் தடுக்கிறது. அஸ்பிரின் இரத்தம் உறைவதையும் குறைப்பதால் கசிவு இலகுவில் நிற்பதுமில்லை.

இருதய நோய்க்காக வைத்தியர் எழுதிக்கொடுத்த சிறிய அளவு அஸ்பிரினை எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அது வேறு கணக்கு. நிறுத்துவதா, வயிற்றுக்குக் காவல் மருந்து சேர்ப்பதா என்பதை எழுதியவரே முடிவு செய்ய வேண்டும்.

எரியாத வயிறும் ஆபத்தே

1822 ஜூன் 6 ஆம் திகதி வட அமெரிக்காவின் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனேடியத் தொழிலாளியின் வயிற்றில், மிகக் கிட்டிய தூரத்திலிருந்து துப்பாக்கி வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இரைப்பையில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவேயில்லை. அவருக்கு வைத்தியம் செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் பியூமொன்ட், அந்த ஓட்டை வழியாக ஆண்டுக்கணக்கில் இரைப்பையைப் பார்த்து, 1833 இல் புத்தகமாக வெளியிட்டார். இரைப்பையைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும் பகுதி ஓர் ஏழையின் வெடிக்காயத்திலிருந்து தொடங்கியது. அந்த மனிதரை வைத்தியர் ஒப்பந்தம் போட்டு ஆய்வுப்பொருளாக நடத்தியது இன்றைக்கும் உறுத்துகிற விடயம்.

பியூமொன்ட் கண்டவற்றில் ஒன்று எமக்கு மிக முக்கியம். சென் மார்ட்டின் தொடர்ந்து சில நாட்கள் கடுமையாகக் குடித்தபோது, இரைப்பையின் உட்சுவர் சிவந்து, ஆங்காங்கே புண்பட்டிருந்தது. ஆனால் அவர் தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றார். பசியும் இருந்தது.

வலிக்குளிசை எடுப்பவர்களில் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. எரிவும் வலிதானே; அதையும் அந்தக் குளிசை மறைத்துவிடலாம். இரத்தம் கசியத் தொடங்கும்போதுதான் சிலருக்கு முதல் அறிகுறியே தெரிகிறது. மறுபுறம், கடுமையாக எரியும் எல்லா வயிற்றிலும் புண் இருப்பதில்லை. இழப்பும் பயமும் நித்திரையின்மையும் வயிற்றெரிவாகவும் பொருமலாகவும் வெளிப்படுவதை எமது பிரதேச வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். கமரா விட்டுப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று சொன்னால், வருத்தம் பொய் என்று அர்த்தமல்ல.

எரிவை நம்ப முடியாது என்றால் எதைப் பார்ப்பது? மலத்தைப் பார்க்க வேண்டும். தார் போலக் கறுத்து, பசைபோல ஒட்டி, வழமைக்கு மாறான நாற்றத்தோடு போனால் அது இரைப்பையில் கசிந்து செமித்த இரத்தமாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது இப்படித் தாராக ஒட்டாது. வாந்தியில் சிவப்பாகவோ கோப்பித்தூள் போலவோ ஏதும் வந்தாலும், எழும்பும்போது தலை சுற்றி வியர்த்து விழுந்தாலும், திடீரென வயிறு பலகை போல இறுகி வலித்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீண்டகாலம் குடிப்பவருக்கு ஈரல் கெட்டு, உணவுக்குழாயின் நாளங்கள் வெடித்தும் இரத்தம் வரலாம். அது இன்னும் வேகமாக ஆளைக் கொண்டுபோகும். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படுவதற்கு முன்னர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து இரவில் நோயாளியைக் கொண்டுவரப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, நேரத்தின் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

அமிலக் குளிசை ஒரு அனுமதிப்பத்திரம் அல்ல

1970களின் நடுப்பகுதி வரை அமிலத்தைக் குறைக்கச் சரியான மருந்து இருக்கவில்லை. ஜேம்ஸ் பிளாக்கின் குழு உருவாக்கிய சிமெற்றிடீன் 1976 இல் வந்தது. 1988 இல் சுவீடனில் உருவான ஒமிப்பிரசோல் சந்தைக்கு வந்தது. அது நான் முதலில் சொன்ன பம்பியையே பூட்டிவிடுகிறது. இடையில் பெரும் புழக்கத்தில் இருந்த ரனிற்றிடீன், புற்றுநோயோடு தொடர்புடைய மாசு காணப்பட்டதால் 2020 இல் அமெரிக்காவில் மீளப் பெறப்பட்டது. வீட்டு அலுமாரியில் பழைய அட்டைகள் இருந்தால் எடுத்து எறிந்துவிடலாம்.

ஒமிப்பிரசோலை எம்மவர்கள் எடுக்கும் முறைதான் பிரச்சினை. எரியும்போது ஒன்று, குடித்த பிறகு ஒன்று. வேலை செய்துகொண்டிருக்கும் பம்பியை மட்டுமே அது பூட்டும். சாப்பாடுதான் பம்பியை எழுப்புகிறது. ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் எடுத்தால்தான் முழுப் பலன். அதுவும் சில நாட்கள் தொடர்ந்த பின்னரே தெரியும். சாராயத்திற்கு மேலே இரவு பத்து மணிக்குப் போடும் குளிசை பெரும்பாலும் வீண்.

சரியாக எடுத்தாலும், அது குறைப்பது அமிலத்தை மட்டுமே. சாராயம் சளிப் படலத்தைக் கலைப்பதை அது தடுக்காது. ஈரலைக் காக்காது. தொடர்ந்து வலிக்குளிசை எடுத்தே ஆக வேண்டியவருக்கு வைத்தியர் ஒமிப்பிரசோலைச் சேர்த்துத் தருவது நல்ல பாதுகாப்பு, சந்தேகமில்லை. அதைக் குடிப்பதற்கான காப்புறுதியாக எடுப்பது வேறு.

அமிலம் எங்களுக்கு எதிரியும் அல்ல. தண்ணீரோடும் சாப்பாட்டோடும் போகும் கிருமிகளைக் கொல்லும் முதற் காவல் அதுவே. 1978 இல் டேவிட் நாலினும் சகாக்களும் த லான்செற் சஞ்சிகையில் எழுதிய ஆய்வொன்று இங்கே பொருந்தும். அடிக்கடி கஞ்சா புகைத்தவர்களில் அமிலச் சுரப்புக் குறைவாக இருந்தது. அமிலம் குறைந்தவர்களை வாந்திபேதிக் கிருமி இலகுவில் பற்றும். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்று வந்து கிணறுகள் மூழ்கும் மாவட்டத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல. அமிலக் குளிசையைக் காரணமின்றி மாதக்கணக்கில் எடுப்பவர்களும் மாரியில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கஞ்சாவை நெடுங்காலம் புகைப்பவர்களில் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும் கடும் வாந்தியும் உண்டு. சுடுநீரில் குளித்தால் அது தணியும் என்பதே அதன் அடையாளம். ஹெரோயினும் அதன் உறவான வலி மருந்துகளும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. சாப்பாடு அப்படியே கிடக்கும், குமட்டும், மலச்சிக்கல் வரும். புகையிலை, அது சுருட்டானாலும் வெற்றிலையோடு மெல்லுவதானாலும், ஏற்கெனவே உள்ள புண் ஆறுவதைப் பிந்தச் செய்யும்.

வலிக்கு என்ன செய்வது?

இதெல்லாம் சரி, வலியோடு இருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. பரசிற்றமோல், அதாவது பனடோல், இரைப்பைச் சுவரை இப்படிக் கெடுப்பதில்லை. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தினமும் குடிப்பவரின் ஈரலுக்கு அதுவும் அளவு கடந்தால் ஆபத்து. அவருக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். அடிக்கட்டையில் மின்சாரம் அடிப்பது போன்ற வலி, இல்லாத காலில் வலி, சிதறல் நரம்பை அழுத்தும் வலி ஆகியவை நரம்பு வலிகள். டைக்குளோபினாக் இவற்றுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. கேட்காத குளிசையைக் கூட்டிக் கூட்டிப் போட்டு இரைப்பையை இழந்தவர்கள் உண்டு. நரம்பு வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் கேட்டால் எழுதுவார்கள்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர், இதை வாசித்த வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிராபத்தாகலாம். மருந்தின் துணையோடு நிறுத்துவதற்கு வைத்தியசாலை மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள குளிசை அட்டைகள் எல்லாவற்றையும், பாமசியில் சீட்டில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை கிளாஸ் என்று வைத்தியர் கேட்டால் பாதியாக்கிச் சொல்ல வேண்டாம். அவர் எழுதும் மருந்து அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே இருக்கும். கணவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தால், கூடப் போகும் மனைவியோ மகளோ தாதியிடம் தனியாகச் சொல்லலாம்.